லைன் சூப்பர்வைசர் ஆனால் தோல் தடிக்கணுமா?

லைன் மூணு | 03.06.2024, இரவு 9:52

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல டெய்லரா இருந்த ஆளை ஒரு லைனுக்கு (தையல் மெஷின் வரிசைக்கு) சூப்பர்வைசர் ஆக்கினா முதல்ல கிடைக்கிற அறிவுரை இதுதான்: "தோலைத் தடிச்சுக்கோ. பி.எம். (புரொடக்சன் மேனேஜர்) திட்டினா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடு. டெய்லருங்ககிட்ட மூஞ்சியைக் கடுகடுன்னு வச்சுக்கோ, இல்லாட்டித் தலைமேல ஏறிக்குவாங்க." மன உறுதின்னா இதுதானுங்களா? இதை எப்படிப் பழகறது? யூடியூப் தத்துவம் வேண்டாம். காலையில லைன் ஓட ஆரம்பிச்சதுல இருந்து என்ன செய்யணும்னு சொல்லுங்க.

ஃபினிஷிங் டேபிள் | 03.06.2024, இரவு 10:31

தப்பு. பாதிகூட இல்லை, முழுசாகவே தப்பு.

தோல் தடித்த சூப்பர்வைசரின் லைனில் நடப்பது இது. காலை 11 மணிக்குக் கழுத்து ரிப் (கழுத்தில் வைத்துத் தைக்கும் இழுபடும் பட்டை) அலையடிக்க ஆரம்பிக்கிறது. ஓவர்லாக் மெஷின் ஓட்டும் டெய்லருக்குத் தெரியும், பக்கத்தில் நின்று உதவும் கைமடிப் பெண்ணுக்கும் தெரியும். சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியாது. போன வாரம் "அண்ணா, இது சரியா வரலை" என்று வாயைத் திறந்தவருக்குக் கிடைத்த திட்டு மொத்த லைனுக்கும் மனப்பாடம். மாலை 4 மணிக்குச் செக்கிங்கில் பிடிபடுகிறது. சாப்பாட்டு நேரம் போக 4 மணி நேரம், மணிக்கு 96 பீஸ், ஆக 384 பீஸ் ஆல்டர், அதாவது பிரித்துத் திருத்த வேண்டியவை. பிரித்துத் தைத்தால் ரிப் இழுபட்டுப் போகும், தையல் பிரித்த இடத்தில் துளை தெரியும், ஒரு பங்கு டேமேஜில் சேரும்.

ஃப்ளோரில் மன உறுதியை அளக்க ஒரே ஒரு அளவுதான் உருப்படியானது. தப்பு நடந்த நிமிடத்துக்கும் அது உங்கள் காதுக்கு வந்த நிமிடத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம்? 10 நிமிடம் என்றால் உறுதியான ஆள். 4 மணி நேரம் என்றால் உங்களைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது, கட்டியது நீங்கள்.

நாளையிலிருந்து:

8:15. மெஷின் மெஷினாக நடந்து ஆளை எண்ணுங்கள். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கத்திக் கேட்டால் "வந்தாச்சு" என்றுதான் பதில் வரும்.

8:25. டார்கெட்டைத் திருப்பிக் கணக்குப் போடுங்கள். உதாரணமாக 24 பேர், ஆளுக்கு 480 நிமிடம், மொத்தம் 11,520 நிமிடம். லைன் 60 சதவீதத் திறனில் ஓடுகிறது, பீஸுக்கு எஸ்.ஏ.எம். (ஒரு பீஸ் தைக்க நிர்ணயித்த நேரம்) 9 நிமிடம் என்றால் நாளுக்கு 768, மணிக்கு 96. இரண்டு பேர் வரவில்லையா? 22 பேருக்கு 704, மணிக்கு 88.

8:40. அந்த 88-ஐ பி.எம்மிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். நாளிலேயே கஷ்டமான வேலை இதுதான், அதனால்தான் பல பேர் இதைச் செய்வதில்லை. "பார்த்துக்கறேன் சார்" என்று 96-க்கே தலையாட்டிவிட்டு, மாலையில் 64 பீஸ் குறையும்போது "ரெண்டு பேர் லீவு சார்" என்பார்கள். காலையில் சொன்னால் அது தகவல். மாலையில் சொன்னால் அது சாக்கு.

மீதி நாளைக்கு.

ஐ.இ. கணக்கு | 04.06.2024, காலை 6:48

88 தாளில் மட்டும்தான் வரும். லைனில் வராது. வராத இருவரும் எங்கே உட்காருகிறவர்கள் என்று கேட்காமல் ஆள் எண்ணிக்கையை வைத்து வகுத்தது தவறு.

கழுத்து ரிப் வைக்க இரண்டு ஓவர்லாக், ஆளுக்கு மணிக்கு 48 என்று வையுங்கள். அதில் ஒருவர் இல்லை. மற்ற 22 பேரும் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் அந்த இடத்தைத் தாண்டி மணிக்கு 48-தான் போகும். தோள் சேர்க்கும் ஆளைக் கழுத்துக்கு மாற்றினால், கை பழகாதவர் என்பதால் 30 வரும். ஆக 78. தோள் வேலையைப் பக்கத்து ஆளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தால்தான் இந்த 78-ம்.

மேனேஜரிடம் சொல்ல வேண்டிய எண் 78. 88 என்று சொல்லிவிட்டு 78 காட்டினால் நீங்கள் சொன்ன மன உறுதிக்கு மதியமே ஆயுள் முடிந்துவிடும்.

ஃபினிஷிங் டேபிள் | 04.06.2024, காலை 7:05

ஒத்துக்கொள்கிறேன். 8:25 கணக்கை இப்படி மாற்றி வாசியுங்கள்: முதலில் எந்த ஆபரேஷனில் ஆள் இல்லை, அந்த இடத்தில் மணிக்கு எத்தனை பீஸ் வெளியே வரும், அதுவே லைனின் எண். வகுத்தல் கணக்கு அப்புறம்.

லைன் மூணு | 04.06.2024, இரவு 10:14

78-னு சொன்னா பி.எம். கத்துவாரே?

ஃபினிஷிங் டேபிள் | 04.06.2024, இரவு 10:20

கத்துவார். 8:40-க்குக் கத்தினால் நாளைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. வெறும் எண்ணோடு போகாதீர்கள். "கழுத்துக்கு ஒரு ஆள் குறையுது. மணிக்கு 78 வரும். ரெண்டாவது லைன்ல இருந்து ஒரு ஓவர்லாக் ஆள் மதியம் வரைக்கும் கிடைச்சா 90-க்கு மேல கொண்டு வரலாம்." மூன்று வாக்கியம். நாலாவது வாக்கியம் தொடங்கினால் அது புலம்பல்.

ஃபினிஷிங் டேபிள் | 06.06.2024, மதியம் 1:40

சொல்வதாகச் சொன்ன மீதி. ஊசி உடைவதை எடுத்துக்கொள்வோம். சூப்பர்வைசரின் மனசு எப்படிப்பட்டது என்று லைன் தெரிந்துகொள்வது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததே. ஊசி உடைந்ததும் டெய்லர் மெஷினை நிறுத்தி, பீஸை நகர்த்தாமல் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசரும் ஊசிக்குப் பொறுப்பானவரும் வந்து காந்தம் வைத்துத் துண்டுகளைத் தேட வேண்டும். கிடைத்ததை முழு ஊசியோடு நீளம் ஒப்பிட்டு, டேப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டி, நேரம், மெஷின் எண், ஆபரேஷன் எழுத வேண்டும். பழையதைக் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த மெஷினில் இருந்த பீஸ், ஓடிக்கொண்டிருந்த பண்டல், பக்கத்துக் கூடையில் இருந்தது எல்லாம் மூடிய பெட்டிக்குள் போய், மெட்டல் டிடெக்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வெளியே வரும். அதிலும் கிடைக்காவிட்டால் பையர் சொன்ன விதிப்படி அந்தப் பீஸ்கள் ஷிப்மெண்டிலிருந்து விலக்கப்படும். குழந்தை உடுப்பில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இதற்கெல்லாம் சேர்த்து 10, 15 நிமிடம் போகும். மணிக்கு 96 ஓடும் லைனில் ஏறக்குறைய 20 பீஸ். அந்த 20 பீஸை நினைத்து நீங்கள் முகத்தைச் சுளித்தால் அடுத்த முறை கை தூக்காது. டெய்லர் பர்ஸில் ஒரு ஊசி ஒளித்து வைத்திருப்பார், அதை மாட்டிக்கொண்டு ஓட்டுவார். துண்டு பீஸுக்குள் போகும்.

ஒரு மாதம் முழுக்க ரெஜிஸ்டரில் உடைந்த ஊசியே இல்லை என்று பெருமைப்படும் லைனைக் கண்டால் எனக்குப் பயம்தான் வரும். 30 மெஷினில் ஊசி உடையாமல் மாதம் ஓடாது.

இதே விஷயத்தை ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் கண்டார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு எண்கள் தலைகீழாக வந்தன. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதில்லை. அங்கே சொல்ல முடிந்தது, அதனால் பதிவானது.

ஏ.சி. ரூம் | 06.06.2024, மாலை 6:15

அப்போ ஊசி உடைச்சவங்களுக்கு மாலை போட்டு வரவேற்கணுமா? வெசல் கட்-ஆஃப் தேதி (கப்பல்ல சரக்கு ஏத்தக் கடைசி நாள்) தவறினா ஏர்ல அனுப்பற செலவு யார் தலையில? இந்த மென்மையெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பொருந்தும். பனியன் கம்பெனிக்கு அதட்டல்தான் சரி.

ஃபினிஷிங் டேபிள் | 06.06.2024, இரவு 9:10

மாலை வேண்டாம். "சரி, எந்தத் துண்டு கிடைக்கலை?" என்ற ஒரு கேள்வி போதும். அது மென்மையும் இல்லை. 15 நிமிட நஷ்டத்தை நின்று தாங்குவது அதட்டுவதைவிடக் கடினம். அதட்டலுக்கு ஒரு தொண்டை இருந்தால் போதும்.

பனியன் கம்பெனியைவிடக் கறாரான இடத்திலிருந்தே ஒரு உதாரணம். 1978 டிசம்பர் 28, யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 173-ஆம் எண் விமானம், அமெரிக்காவின் போர்ட்லாண்ட். சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டியதா என்ற சந்தேகத்தில் கேப்டன் விமானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். எரிபொருள் குறைவது கூட இருந்தவர்களுக்குத் தெரிந்தது. சொன்னார்கள், ஆனால் கேப்டன் நிமிர்ந்து பார்க்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் நகரின் ஓரத்தில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். கேப்டன் அனுபவசாலி, பதறவும் இல்லை. ஒரே பிரச்சினையைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் காதில் வாங்காமல் இருந்தார். இதன்பின் அந்த நிறுவனம் 1981-இல் ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தது: கேப்டன் கீழே இருப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும், கீழே இருப்பவர் தயங்காமல் சொல்ல வேண்டும். இன்று உலகம் முழுக்க விமானிகளுக்கு இது கட்டாயப் பாடம்.

ஏர் செலவு பற்றி: வெசலைத் தவறவிட வைப்பது 15 நிமிடம் நின்ற லைனா, கடைசி நாள் இன்ஸ்பெக்‌ஷனில் விழும் ஃபெயிலா? பையரோடு பேசும் மெர்ச்சண்டைசரைக் கேட்டுப் பாருங்கள்.

கார்ட்டன் மார்க் | 07.06.2024, காலை 11:04

டீ டைம். போண்டா வந்தாச்சு. யாரும் திட்டிக்காதீங்க.

லைன் மூணு | 08.06.2024, இரவு 11:20

இன்னிக்குச் சம்பள நாள். எந்தக் கம்பெனியிலும் சனிக்கிழமை சாயங்காலம் பீஸ் கணக்குல சண்டை வராம இருக்காது. மூஞ்சியைக் கடுகடுன்னு வைக்கக் கூடாதுங்கறது புரியுது. ஆனா உள்ளே கோபம் வருதே, அதை என்ன பண்றது? அமுக்கிக்கணுமா?

ஃபினிஷிங் டேபிள் | 09.06.2024, காலை 10:45

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் நீளமாகவே எழுதலாம்.

அமுக்குவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர்கள் 2000-இல் வெளியிட்ட சோதனைகளில், உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் மறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்த நேரத்தில் காதில் விழுந்த விவரம் குறைவாகவே நினைவில் நின்றது. கவனத்தில் பாதி முகத்தைக் காவல் காக்கப் போய்விடுகிறது. பார்க்கும் விஷயத்துக்கு வேறு அர்த்தம் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. லைனுக்கு வைத்துப் பாருங்கள். டெய்லர் "பண்டல் 14, எல் சைஸ், இடது தோள்" என்கிறார். கல் முகத்தோடு நிற்பவர் மனதில் "தோள்" மட்டும் நிற்கும். அப்புறம் 14-ஐத் தேடி எல்லாப் பண்டலையும் பிரிக்க வேண்டும்.

வேறு அர்த்தம் கொடுப்பது எப்படி? "இவங்க வேணும்னே பண்றாங்க" என்பது ஒரு அர்த்தம். "மெஷின்ல ஏதோ மாறியிருக்கு" என்பது இன்னொன்று. ஃப்ளோரில் இரண்டாவதுதான் பல நேரம் உண்மையும்கூட. கோபம் வந்தால் முதல் கேள்வி மெஷினைப் பற்றி இருக்கட்டும்: "ஊசி எப்போ மாத்தினது?"

மூச்சு. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. ஒரு மூச்சு 10 விநாடி, நிமிடத்துக்கு ஆறு. நின்று கண்ணை மூடிச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் டேபிளிலிருந்து அந்த மெஷினுக்கு நடக்கும் தூரத்தில் மூன்று மூச்சு முடியும், அதனால் ஓடாமல் நடங்கள். இதில் எல்லோரும் செய்யும் தப்பு, முதல்முதலாகச் சண்டை நடக்கும்போது முயல்வது. 11 மணி டீக்கும் மாலை டீக்கும் முன்னால் ஒவ்வொரு நிமிடம் பழகிவிட்டால் தேவைப்படும்போது தானாக வரும். பத்து வரை எண்ணுவது உதவாது. பத்து எண்ணும் நேரத்தில் மனசு இன்னும் கூர்மையான பதிலைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, முன்கூட்டியே எழுதிவைத்த வாக்கியம். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். "இனிமே கோபப்பட மாட்டேன்" போன்ற சபதத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது. பாக்கெட் நோட்டின் முதல் பக்கத்துக்கு மூன்று:

பி.எம். சத்தம் போட ஆரம்பித்தால், நோட்டைத் திறந்து நேரத்தையும் அவர் சொல்லும் எண்ணையும் எழுதுவேன்.

யாராவது கை தூக்கினால், "என்ன ஆச்சு"க்கு முன்னால் "சொன்னது நல்லது" என்பேன்.

சம்பளக் கணக்கில் தகராறு வந்தால், பண்டல் டிக்கெட்டை எடுத்து அவரோடு உட்கார்ந்து எண்ணுவேன், நின்றுகொண்டு பேசமாட்டேன்.

மூன்றுக்கு மேல் எழுதாதீர்கள். ஒன்பது எழுதினால் ஒன்றும் ஞாபகம் வராது.

கார்ட்டன் மார்க் | 09.06.2024, மதியம் 12:30

இதுல ஒண்ணு விட்டுட்டீங்க. மனசும் பேட்டரி மாதிரி. காலையில இருந்து பொறுத்துப் பொறுத்துச் சாயங்காலம் சார்ஜ் தீர்ந்துடும். அதான் 5 மணிக்கு மேல எல்லாச் சூப்பர்வைசரும் பேயாட்டம் ஆடறாங்க.

ஐ.இ. கணக்கு | 09.06.2024, மதியம் 2:15

அந்தப் பேட்டரிக் கதை அவ்வளவு உறுதியானது இல்லை. 1998-இல் வந்த ஆய்வு அப்படிச் சொன்னது உண்மை. 2016-இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் ஒரே முறையில் சேர்ந்து, ஏறக்குறைய 2,000 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது.

தூக்கம் வேறு விஷயம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்குவது சோதனையில் காட்டப்பட்டிருக்கிறது. காலை 5:30-க்கு எழுந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து, "இன்னும் கொஞ்சம் பார்த்துட்டுப் போறேன்" என்று இரவு 10:30-க்கு ஃப்ளோரில் நிற்கும் சூப்பர்வைசர் அந்த இடத்தில்தான் இருக்கிறார்.

ஃபினிஷிங் டேபிள் | 09.06.2024, மதியம் 2:22

வண்டி ஓட்ட நம் நாட்டு வரம்பு 0.03. அந்த ஆளைப் போலீஸ் பைக்கில் போக விடாது. நாம் 3,000 பீஸுக்கு ஓகே கையெழுத்துப் போட விடுகிறோம்.

சீரியஸாக: இரவு 9-க்கு மேல் ஆல்டரா டேமேஜா என்று தீர்மானிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். பீஸைத் தனியாகக் கட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, காலைக்கு வையுங்கள். இரவில் எடுத்த தீர்மானத்தைக் காலையில் திருத்துவதுதான் திங்கட்கிழமையின் பாதி வேலை. மீதிப் பாதி, வராதவர்களுக்குப் போன் போடுவது.

லைன் மூணு | 12.06.2024, இரவு 9:33

இதெல்லாம் பிறவிக் குணமா, பழகினா வருமா? சில பேரு பொறக்கும்போதே இரும்பா இருக்காங்களே.

ஃபினிஷிங் டேபிள் | 12.06.2024, இரவு 10:02

பழகினால் வரும் என்ற பக்கத்தில் சாட்சி அதிகம். சால்வடோர் மேடி, சூசன் கொபாசா என்ற உளவியலாளர்கள் 1970களின் நடுவிலிருந்து இல்லினாய் பெல் டெலிபோன் கம்பெனியின் மேனேஜர்களை 12 வருடம் பின்தொடர்ந்தார்கள். நடுவில் தாய்க் கம்பெனியான ஏ.டி.அண்ட்.டி. உடைந்தது, இல்லினாய் பெல்லின் ஆட்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியானது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேனேஜர்கள் உடம்பாலோ மனசாலோ சரிந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு தேறி நின்றது. நின்றவர்களிடம் மூன்று பழக்கம் இருந்தது: விலகி ஓடாமல் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள், தங்கள் கைக்கு எட்டியதை மாற்ற முயன்றார்கள், வந்த மாற்றத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். இவற்றைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்று பிறகு பயிற்சியும் நடத்தினார்கள்.

இரண்டாவதை மட்டும் ஃப்ளோருக்குத் தமிழ்ப்படுத்தினால்: நூல் லேட்டாக வந்தது உங்கள் கையில் இல்லை. சாயம் ஷேடு மாறி வந்தது உங்கள் கையில் இல்லை. பண்டலை ஷேடு வாரியாகப் பிரித்து ஓட்டுவது உங்கள் கையில். முதல் இரண்டைப் பற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் பேசும் சூப்பர்வைசர் மூன்றாவதைச் செய்திருக்க மாட்டார்.

ஏ.சி. ரூம் | 15.06.2024, மாலை 7:50

சரி, ஊசி, மூச்சு எல்லாம் ஆச்சு. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஃபெயில். பையரோட ஆள் எதிர்ல நிக்கறார். பி.எம். போன்ல. நாளை மறுநாள் கண்டெய்னர். இப்போ என்ன மன உறுதி?

ஃபினிஷிங் டேபிள் | 15.06.2024, இரவு 10:40

இந்த இழையில் வந்த உருப்படியான கேள்வி இது. ஏ.சி. ரூமுக்கு என் பங்கு போண்டா.

எண்ணை வைத்துப் பேசுவோம். 3,000 பீஸ் லாட். சாதாரண ஆய்வு நிலை இரண்டு, ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்றால் 125 பீஸ் எடுப்பார்கள். பெரிய குறை 7 வரை பாஸ், 8 என்றால் ஃபெயில். 9 வந்திருக்கிறது என்று வைப்போம்.

முதல் அரை மணி நேரத்தில் செய்யக் கூடாதது மூன்று. இன்ஸ்பெக்டரிடம் "இது மைனர் சார்" என்று வாதாடுவது, குறை பீஸை நைசாக மாற்றி வைப்பது, டெய்லர்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்துக் கத்துவது. முதலாவது அவரை உங்களுக்கு எதிராகத் திருப்பும். இரண்டாவது பிடிபட்டால் கம்பெனி பெயரே கெடும். மூன்றாவது ஆறு மணி நேரம் உங்களோடு சேர்ந்து வேலை செய்யவேண்டிய ஆட்களை எதிரியாக்கும்.

செய்ய வேண்டியது: அந்த 9 பீஸையும் டேபிளில் பரப்புங்கள். குறை வகை, சைஸ், பண்டல் எண் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். 9-உம் ஒன்பது வகையாக இருப்பது அபூர்வம். 9-இல் 6 கழுத்துப் பக்க ஊசித் துளை, ஆறும் எம் சைஸ், பண்டல் எண்களும் அடுத்தடுத்து என்று வந்துவிட்டால் உங்கள் பிரச்சினை 3,000 பீஸ் இல்லை. ஒரு மெஷின், ஒரு மதியம்.

ஆனாலும் முழு லாட்டையும் பார்க்கச் சொல்வார்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. 8 செக்கர், ஆளுக்கு மணிக்கு 60 பீஸ், மணிக்கு 480. 3,000-க்கு 6 மணி 15 நிமிடம். அதற்கு மேல் ஆல்டர், அயர்னிங், திரும்பப் பேக்கிங். பி.எம். "இன்னிக்கு நைட்டுக்குள்ள?" என்பார். "முடிச்சிடறேன் சார்" என்பது தைரியம் மாதிரி கேட்கும். அது அந்தப் போனைச் சீக்கிரம் வைத்துவிடும் ஆசை. "ரீ-செக்கிங் நாளைக்கு மதியம் 3 மணிக்கு முடியும். எம் சைஸை முதல்ல பார்க்கறோம், இன்னிக்கு 9 மணிக்கு எம் முடிஞ்சதும் எத்தனைன்னு சொல்றேன்" என்பதுதான் பதில். பிறகு 9 மணிக்கு நீங்களே போன் போடுங்கள், எண் மோசமாக இருந்தாலும். அவர் போன் போட்டுக் கேட்டால் நீங்கள் தோற்றீர்கள்.

செக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே குறையைத் தொடர்ந்து தேடும் கண் அரை மணி நேரத்திலேயே தவறவிட ஆரம்பிக்கும். ரேடார் பார்ப்பவர்களுக்காக நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் 1948-இல் செய்த சோதனையிலிருந்தே இது தெரிந்த விஷயம். அரை மணிக்கு ஒருமுறை செக்கிங்கையும் மடிப்பையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்து 6 மணி நேரம் தொடர்ந்து பார்க்கச் சொன்னால் இரண்டாவது இன்ஸ்பெக்‌ஷனும் ஃபெயில் ஆகும்.

ஐ.இ. கணக்கு | 16.06.2024, காலை 7:30

ஒரு சேர்க்கை. 3,200-ஐத் தாண்டி 3,201 ஆனால் 125 இல்லை, 200 பீஸ் எடுப்பார்கள், 10 வரை பாஸ். லாட் அளவைத் தெரிந்துகொள்ளாமல் "7 வரைக்கும் ஓகே" என்று மனப்பாடம் செய்து வைக்க வேண்டாம்.

ஏ.சி. ரூம் | 16.06.2024, காலை 9:12

போண்டா ஏற்றுக்கொள்ளப்பட்டது.

லைன் மூணு | 22.06.2024, இரவு 9:40

ஒரே ஆள் ஒரே தப்பை மூணு தடவை பண்ணினா? அப்பவும் "சொன்னது நல்லது"தானா?

ஃபினிஷிங் டேபிள் | 22.06.2024, இரவு 10:25

தப்பு செய்து சொன்னவர், தப்பு செய்து மறைத்தவர் என்று இரண்டு கணக்கு வையுங்கள். முதலாமவரிடம் பேச்சு தப்பைப் பற்றி. இரண்டாமவரிடம் பேச்சு மறைத்ததைப் பற்றி, அதுவும் அன்றைய ஷிப்டுக்குள், மெஷின் வரிசைக்கு நடுவே வேண்டாம், லைன் கடைசி டேபிளில். உங்களைவிட வயதில் பெரியவர் என்றால் "அக்கா, அண்ணா"வை விடாதீர்கள். கோபத்தில் "நீ, வா, போ"வுக்கு இறங்கினால் அடுத்த நாள் அந்த மெஷின் காலி. வெளியே ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் "டெய்லர் தேவை" போர்டு தொங்குகிறது.

மூன்று தடவைக்கு: முதல் தடவை நல்ல பீஸையும் கெட்ட பீஸையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டாவது தடவை மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சிங்கிள் ஜெர்சியில் (மெல்லிய பின்னல் துணி) துளை விழுந்தால் ஊசி முனை மழுங்கியிருக்கும், அல்லது முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசிக்குப் பதில் வேறு ஊசி மாட்டியிருக்கும், அல்லது 75 சைஸ் ஊசி போதும் என்ற துணிக்கு 90 போட்டிருப்பார்கள். அந்தத் துளை தைக்கும்போது கண்ணுக்கே தெரியாது, இழுத்துப் பார்த்தாலோ துவைத்தாலோதான் திறக்கும். இதற்குப் போய் டெய்லரைத் திட்டினால் ஊசி சிரிக்கும். மூன்றாவது தடவையும் மெஷின் சரியாக இருந்தால் ஆபரேஷனை மாற்றுங்கள். கழுத்து வராதவருக்குப் பக்கத் தையல் அருமையாக வரலாம். அதற்கும் மேல் என்றால் பி.எம்மிடம், நோட்டில் எழுதிய தேதிகளோடு.

இன்னொரு இரண்டாம் யோசனை. 03.06 அன்று "10 நிமிடம் என்றால் உறுதியான ஆள்" என்று எழுதினேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் பாதிப் பேர் இருக்கும் லைனில் அது அநியாயமான அளவு. அவர் உங்களுக்குப் பயப்படவில்லை, அவருக்குச் சொல்ல வார்த்தை இல்லை. டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும் ஏற்பாடு இருந்தது, வாயே வேண்டாம். நமக்குக் கயிறு வேண்டாம். ஒவ்வொரு மெஷினிலும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிவப்புத் துணி. சந்தேகம் வந்தால் மெஷின் மேலே போட வேண்டும். நீங்கள் போகும்வரை எடுக்கக் கூடாது. முதல் வாரம் சும்மாவும் போடுவார்கள், சோதித்துப் பார்க்க. ஒவ்வொரு தடவையும் போங்கள், நடந்து, மூன்று மூச்சோடு.

கார்ட்டன் மார்க் | 01.07.2024, காலை 11:06

சிவப்புத் துணியில ஒரு சிக்கல். இப்போ ஓடற ஆர்டரே சிவப்பு டி-ஷர்ட்னா?

ஃபினிஷிங் டேபிள் | 01.07.2024, காலை 11:31

மஞ்சள் வையுங்கள்.

ஐ.இ. கணக்கு | 01.07.2024, காலை 11:44

துணியே வேண்டாம். பண்டலோடு சேர்ந்து போய்க் கார்ட்டனில் ஏறிவிடும், அப்புறம் பையர் ஊரில் ஒரு குழந்தை சட்டைக்குள் மஞ்சள் துண்டு. லைட் கம்பியில் கட்டிய பிளாஸ்டிக் அட்டை, ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. திருப்பி வைத்தால் போதும். கயிற்றின் நீளம் 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம், ஊசிக்குள் சிக்கும்.